ஏற்காட்டுக்குப் போன பம்ப் அடுப்பு

என் அப்பா வருடத்தில் பத்து மாதம் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் ஊர் ஊராகப் போய்ப் பூமியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் அவருக்கு வேலை. அந்தப் பக்கம் மழை பிடித்து, இனி வண்டி காட்டுக்குள் இறங்காது என்று ஆனதும் ஊருக்கு வருவார். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் அவர் ஒரு விருந்தாளி. விருந்தாளிக்கு உண்டான மரியாதை எல்லாம் அவருக்குக் கிடைக்கும். எந்த டப்பாவில் சர்க்கரை இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ரிக்கில் டிரில்லர் என்றால் பெரிய ஆள். லாரியின் பின்னால் நின்று லீவரைப் பிடித்துக் குழாயைப் பூமிக்குள் இறக்குகிறவர் அவர்தான். குழாய் தூக்குகிறவர்கள், டிரைவர், கடைசியில் சமையல்காரர் என்று மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான். என் அப்பா டிரில்லர். ஐந்தாம் வகுப்பில் இதை நான் சொல்லாத நாள் கிடையாது. என்னை விட அதிகமாகச் சொன்னவர் மாமா ஒருவர்தான். அவர் அம்மாவின் அண்ணன். ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் மளிகைக்கடை வைத்திருந்தார். கால் கிலோ உப்பு வாங்க வந்தவரிடம் கூட, “என்ற தங்கச்சியை டிரில்லருக்குத்தான் குடுத்திருக்கறேன்” என்று சொல்லி அனுப்புவார். அதே வாயால் அப்பாவை இடித்துப் பேசவும் அவருக்கு வரும். மாப்பிள்ளை இன்னும் ஓட்டு வீட்டில்தானே இருக்கிறார், வடக்கே போய் இத்தனை வருடத்தில் இந்திகூட வரவில்லையே என்று ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும். மாமா வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அப்பாவின் மரியாதை ஒரு பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பும்.

அந்த வருடம் ஊருக்கு வந்ததும் அப்பா அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். ஆடிப் பதினெட்டுக்கு மாமா குடும்பத்தோடு ஏற்காடு போவோம், மலைமேல் அவரே எல்லோருக்கும் சமைத்துப் போடுவார், அன்றைக்கு அம்மா கரண்டியைத் தொடக்கூடாது. ஆடு மேய்க்கப் போகிறேன் என்று கலெக்டர் சொன்னதைக் கேட்டதுபோல் நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “சரிங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா ஊருக்குப் பஸ் ஏறியபோது அப்பாவின் தோளில் ஒரு சாக்குப்பை தொங்கியது. உள்ளே ரிக்கில் சமைக்கிற பித்தளைப் பம்ப் அடுப்பு. வாசர் தேய்ந்துவிட்டது, மாற்றுவதற்காகக் கொண்டுவந்தேன் என்று சொல்லியிருந்தார். ஒரு டிரில்லர் எதற்காக அடுப்பை வீடு வரைக்கும் தூக்கி வர வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அது மூன்று காலில் நிற்கும், தேய்த்து வைத்தால் கோயில் குடம்போல் மின்னும், எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமா வீட்டு வாசலில் பஞ்சாயத்துத் தொடங்கியது. மாமா தன்னுடைய ஆம்னி வேனுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன சிலிண்டரை நிறுத்தி வைத்திருந்தார். அதன் தலையிலேயே பர்னர். திருகினால் கேஸ், தீக்குச்சியைக் காட்டினால் நெருப்பு, வேலை முடிந்தது. அப்பா சாக்கை அவிழ்த்து அடுப்பை வெளியே எடுத்ததும் மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“ஏனுங் மாப்ள, ஊரே கேஸுக்கு மாறிப்போச்சு. நீங்க இன்னும் இந்த டப்பாவெ அடிச்சுக்கிட்டு இருக்கறீங்ளே?”

காற்றடிக்கிற இடத்தில் அந்தச் சிலிண்டர் நிற்காதுங்க மச்சான், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் தெரியாது, இதென்றால் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். கரி, புகை, நாற்றம் என்று மாமா விரல்விட்டு எண்ணினார். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, யார் பக்கமும் சேராமல் தண்ணீர்க் குடங்களை வேனில் ஏற்றினாள். மாமாவின் பையன்கள் இரண்டு பேரும் அடுப்பின் பம்பை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். கடைசியில் மாமா ஜெயித்தவரின் சிரிப்போடு அம்மாவிடம் திரும்பி, நீயே சொல்லு, கேஸா, இதுவா என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குக் கேஸ் வந்த அன்று பழைய திரி அடுப்பை எடைக்குப் போட்டுவிட்டுச் சமையலறையை மூன்று தடவை கழுவியவள் அம்மா. மண்ணெண்ணெய் வாசம் பட்டாலே அவளுக்குத் தலைவலி.

“பம்ப் அடுப்பே இருக்கட்டுங்கண்ணா” என்றாள் அம்மா.

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்பாவும் அம்மாவை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு, டீ மட்டும் கேஸில், சாப்பாடு பம்ப் அடுப்பில் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். மின்வெட்டுக்காக அவள் சேர்த்து வைத்திருந்த ரேஷன் மண்ணெண்ணெய்க் கேனும் வேனில் ஏறியது.

மலைமேல் பாதையோரமாக ஒரு பாறையும், அதன் முன்னால் கொஞ்சம் சமதரையும் இருந்த இடத்தில் இறங்கினோம். ஆடி மாதத்துக் காற்று என்ன செய்யும் என்பது கீழே இருக்கும்போது மாமாவுக்கு ஞாபகம் வரவில்லை. இங்கே அது அவருடைய வேட்டியையே கழற்றப் பார்த்தது. ஒரு தீப்பெட்டி பாதி காலியான பிறகு சிலிண்டர் பற்றியது. பற்றியதும் அணைந்தது. பையன்கள் இரண்டு பேரும் நானும் போர்வையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினோம். போர்வை எரிந்துவிடும் என்று அத்தை கத்தினாள், கையை விட்டோம், மறுபடியும் அணைந்தது. நான்காம் தடவை எரியத் தொடங்கி, பால் லேசாக ஆவி விடுகிற நேரத்தில், தீ தானாகவே சிறுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டது. மாமா சிலிண்டரைத் தூக்கிக் குலுக்கினார். காதில் வைத்துப் பார்த்தார். போன வாரம்தானே நிரப்பினேன் என்று அவர் வானத்தைப் பார்த்துக் கேட்டதற்கு, அத்தை தரையைப் பார்த்துப் பதில் சொன்னாள். வீட்டுச் சிலிண்டர் தீர்ந்துபோன அன்று கடைக்கு முறுக்குச் சுட்டது இதில்தானாம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா இப்போது மாமாவை ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. “மச்சான் முக்கா வாசி காச்சிட்டாருங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்று பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. பாறைக்கு அந்தப் பக்கம் போய்க் காற்று எங்கே திரும்புகிறது என்று கையை நீட்டிப் பார்த்தார். எண்ணெய் டின்னை வெட்டி விரித்துச் சாக்கில் கொண்டுவந்திருந்த தகரத்தை அடுப்பைச் சுற்றி வளைத்தார். பர்னருக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் விட்டுப் பற்றவைத்தார். மஞ்சள் தீ எழும்பிக் கருப்பாகப் புகைந்தது. இப்பவே அடியுங்கள், இப்பவே அடியுங்கள் என்று நாங்கள் குதித்தோம். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கிண்ணத்துத் தீ அடங்குகிற நேரம் பார்த்துப் பம்பை அடித்தார், ஒன்று, இரண்டு, மூன்று, அடுப்பு இருமியது, துப்பியது, அப்புறம் நீலமாக ஒரு வட்டம் விரிந்து ஓவென்று இரைந்தது. மாமா பையன்கள் கைதட்டினார்கள். காற்று தகரத்தை முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஐந்து நிமிடத்தில் எல்லோர் கையிலும் டீ.

அதற்குப் பிறகு அப்பா யாரையும் கிட்டத்தில் விடவில்லை. ஒரே அடுப்பில் சோறும் கோழியும் எப்படி என்று அத்தைக்குச் சந்தேகம். அரிசி முக்கால் வேக்காடு வந்ததும் அப்பா கஞ்சியை வடித்தார், குண்டாவோடு சாக்கில் சுற்றிப் பாறை இடுக்கில் வைத்தார், மிச்சத்தை அதன் சூடே பார்த்துக்கொள்ளும் என்றார். குண்டாவை இறக்கும்போது மட்டும் அம்மா ஓடிப்போய் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்துக்கொண்டாள். பலகை இல்லாமல் உள்ளங்கையிலேயே சின்ன வெங்காயம் அரிந்தார். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறினார். வரமிளகாயைக் கிள்ளி விதையை ஊதினார். மசாலாப் பொடி என்று எதுவும் கிடையாது. உப்பைக் கையால் அள்ளினார், ருசி பார்க்கக்கூட இல்லை. அந்த வாசம் வந்தபோது பாதையில் போன இரண்டு பைக்குகள் நின்று நிதானித்துவிட்டுப் போயின.

சாக்கைப் பிரித்துக் குண்டாவைத் திறந்தபோதுதான் அது தெரிந்தது. நாங்கள் ஏழு பேர், அதில் மூன்று பேர் சிறுசுகள். குண்டாவில் இருந்தது ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குக் காணும். நாங்கள் ஆளுக்கு இரண்டு தடவை வாங்கியும் சோறு பாதி கூட இறங்கவில்லை. மாமா தன் தட்டை வழித்துவிட்டு, எலும்பைக் கடித்தபடி, குண்டாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்காரர் கண், அளவில் தப்பு நடந்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

“ருசி நல்லா அமைஞ்சு போச்சுங் மாப்ள. ஆனா ஏழு பேருக்கு எதுக்கு இத்தனை சோறு? எத்தனை பேருக்கு ஆக்கிப் பழக்கமுங்க உங்களுக்கு?”

அப்பாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. சாதாரணக் கேள்விதான். ஏன் அவர் முகம் அப்படி ஆனது என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கணக்குச் செய்யாமல் பள்ளிக்கு வந்தவன் டீச்சர் முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

“நாந்தான் சேத்திப் போடச் சொன்னனுங்கண்ணா” என்றாள் அம்மா. “உங்க கடைப் பசங்களுக்கும் கொண்டு போலாம்னு. நோம்பி நாள்ல அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணுனாங்க?” சொல்லிவிட்டு, தட்டை அப்பா பக்கம் நீட்டினாள். “எனக்கு இன்னுங் கொஞ்சம் போடுங்க.”

அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. காலையிலிருந்து நான் அவள் பக்கத்திலேயேதான் இருந்தேன். பெரியவர்கள் பொய் சொன்னால் சொல்லிக்காட்டுவது அந்த வயதில் எனக்கு ஒரு கடமை. வாயைத் திறந்தேன். அம்மா ஒரு கோழித் துண்டை என் வாயில் திணித்துவிட்டாள். மாமாவுக்கோ தன் கடைப் பசங்களை அம்மா நினைத்ததில் பெருமை பிடிபடவில்லை, தங்கச்சி மனசு யாருக்கு வரும் என்று அத்தையிடம் ஆரம்பித்துவிட்டார். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டே அவள் தட்டில் சோறு போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். போதுங்க, போதுங்க என்று அவள்தான் கையை மறித்தாள்.

இத்தனைக்கும் காரணம் எனக்குத் தெரிந்தது போன வருடம்தான், அம்மா சொல்லி. எனக்கு மூன்று வயதானபோது குழாய் நழுவி அப்பாவின் தோளில் இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு நாள் முழுக்க லீவர் பிடிக்கிற பலம் அந்தக் கைக்கு வரவில்லை. முதலாளி அவரை அனுப்பிவிட மனமில்லாமல் பதினைந்து பேருக்குச் சமைக்க வைத்துக்கொண்டார். அப்பா அதை வீட்டில் சொல்லவில்லை. டிரில்லர் என்று பெயர் சொல்லித்தானே பெண் கட்டினார். ஆனால், கூட வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “அண்ணன் வெக்கற கொழம்புக்காவத்தானுங்க்கா நான் அந்த வண்டிய உடாம இருக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

பிறகு எதற்காக அன்றைக்குப் பம்ப் அடுப்பைச் சொன்னாய், மாட்டிக்கொள்வார் என்று பயமில்லையா என்று கேட்டேன்.

“யாரு யாரோ அந்த மனுசன் ஆக்குனதத் தின்னிருக்கறாங்க. நானும் ஒரு நேரம் சாப்புட ஓணும்னு இருந்துச்சு, சாமி” என்றாள்.

அன்றைக்கு இதெல்லாம் யார் கண்டது? மிச்சச் சோற்றைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் மலையிறங்கினோம். வேனில் முன்னால் மாமா குடும்பம், பின் சீட்டில் அப்பாவும் அம்மாவும், அவர்களுக்கு நடுவில் நான். வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற அப்பாவுக்கு அன்று என்ன ஆயிற்றோ, முதல் வளைவிலேயே பேசத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. தாழ்ந்த குரலில், அம்மாவிடம். ஒடிசாப் பக்கத்து அரிசி எத்தனை தண்ணீர் இழுக்கும், மழையில் அடுப்பு பற்றாமல் போன அன்று என்ன செய்தார், கறிவேப்பிலை கிடைக்காத ஊரில் எதைக் கிள்ளிப் போட்டார், மீன் முள் தொண்டையில் குத்திக்கொண்ட ஆளுக்கு எத்தனை உருண்டை வெறும் சோறு கொடுத்தார். அம்மா ஒவ்வொன்றுக்கும் “அப்பறம்?” என்றாள். நான் இடையில் புகுந்து, ரிக் கதை சொல்லுங்கப்பா, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது சொல்லுங்கப்பா என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். அத்தனை பெரிய டிரில்லர், சொல்வதற்கு வேறு கதையே இல்லாமல் உப்பையும் மிளகாயையும் பற்றிப் பேசுகிறாரே, அதைப் போய் இந்த அம்மா இப்படி வாய் பார்த்துக்கொண்டு கேட்கிறாளே என்று இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.