பெயர் விழும் நாள்

அலுவலகத்தில் என் அக்காவுக்கு ‘யாரது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் மரியாதைக்காக ‘யாரது அக்கா’ என்பார்கள்.

காரணம் இதுதான். இணையத்தில் ஒரு கடைக்கோ பள்ளிக்கோ ஒரு பெயர் இருக்கிறதல்லவா, டாட் காம் என்று முடிகிற பெயர். அதை வாங்கித் தருவதும், வருடா வருடம் புதுப்பித்துத் தருவதும் அவள் வேலை பார்த்த கம்பெனியின் தொழில். மற்றவர்கள் இணையப் பக்கத்தைத் திறந்து, பட்டன் பட்டனாக அழுத்திக்கொண்டிருப்பார்கள். அக்கா கறுப்புத் திரையைத் திறந்து ஒரே வரியில் கட்டளை அடிப்பாள். ‘ஹூஈஸ்’ என்று தொடங்கும் அந்தக் கட்டளை, ஆங்கிலத்தில் ‘யாரது’ என்று கேட்பதுதான். இந்தப் பெயருக்கு யார் சொந்தக்காரர், எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் முடிகிறது என்பதெல்லாம் வெள்ளை எழுத்தில் கொட்டும். நாள் முழுக்க இவள் கம்ப்யூட்டரைப் பார்த்து யாரது, யாரது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ கேலி செய்ய, அது ஒட்டிக்கொண்டது. வீட்டில் மணி அடித்தால் அவள் “யாரது?” என்று குரல் கொடுப்பாள். நான் உள்ளேயிருந்து, “சொந்தக்காரர் விவரம் மறைக்கப்பட்டுள்ளது” என்பேன். “போடி, வேலையத்தவளே” என்று போய்க் கதவைத் திறப்பாள்.

நாங்கள் இரண்டு பேர்தான் அந்த வீட்டில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு திரும்பி வந்தவள். மருந்துக் கடையில் எனக்கு வேலை. மாடியில் இரண்டு அறைகள். கூடத்து ஜன்னல் பக்கம் அவளுடைய மேசை. அலுவலகத்தில் இருக்கும் அதே கறுப்புத் திரை அங்கேயும் இருந்தது.

அவள் கல்லூரியில் படித்தது வரலாறு. அந்தக் கம்பெனியில் போன் எடுக்கத்தான் சேர்ந்தாள். கட்டளைகளைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் விளக்கத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டாள். பிறகு பழக்கம் விடவில்லை. ரொட்டிக் கடைப் பையில் ஒரு முகவரி அச்சிட்டிருந்தால் வீட்டுக்கு வந்ததும் அதைத் தட்டிப் பார்ப்பாள். “ஐயோ, இது அடுத்த மாசம் முடியுதேடி” என்று அந்தக் கடைக்கே போன் போடுவாள். பாதிப் பேர் அவளை மோசடிக்காரி என்று நினைத்துத் திட்டிவிட்டு வைப்பார்கள். ஒருவர், “நீ எந்த ஜெயில்லேர்ந்து பேசறே?” என்று கேட்டார். அன்று முழுக்கச் சிரித்தாள்.

அப்படித் திட்டு வாங்கியவளிடம்தான் கண்ணாடிக் கடைக்காரர் வந்து சேர்ந்தார்.

மூக்குக் கண்ணாடி விற்பவர். அறுபது தாண்டியிருக்கும். மனைவி இல்லை. ஒரே மகன். அவன்தான் கடைக்கு ஒரு டாட் காம் பெயரை வாங்கி, அதே பெயரில் மெயில் முகவரியும் போட்டு, அப்பாவின் போனில் வருகிற மாதிரி செய்து கொடுத்தவன். தெளிவான பார்வை என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்த பெயர். பிறகு இருவருக்கும் பெரிய சண்டை. என்ன சண்டை என்று அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. மகன் போகும்போது, “தேடாதீங்க. எனக்குத் தோணும்போது எழுதறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு கடை இருந்த கட்டடத்தை விற்றுவிட்டார்கள். அவர் வீடு மாறினார், கடை மாறினார், போன் தொலைந்து நம்பரும் போயிற்று. மகனுக்குத் தெரிந்த இடங்களில் மிச்சம் இருந்தது அந்த மெயில் முகவரி ஒன்றுதான்.

அதுவும் போய்விட்டது. பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வந்திருக்கிறது. தெரியாத மெயிலைத் தொடாதே என்று பாங்கில் சொல்லியிருந்தார்கள். அவர் ஒழுங்காக ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளர், “அண்ணே, உங்களுக்கு மெயில் போட்டா திரும்பி வருதே” என்று சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டார்.

அக்கா கட்டளை அடித்துப் பார்த்தாள். பெயர் மீட்புக் காலத்தில் இருந்தது. அதாவது, பழைய சொந்தக்காரர் மட்டும் கேட்டுத் திரும்பப் பெறக்கூடிய காலம். சொந்தக்காரர் மகன். தொடர்பு கொள்ள வேண்டிய மெயில் என்று அவன் கொடுத்திருந்தது அதே பெயரில் இருந்த அதே முகவரி. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டால் பதில் அந்தச் செத்துப்போன முகவரிக்குத்தான் போகும்.

“வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வச்சுப் பூட்டிட்டான்” என்றாள் என்னிடம். “எங்க தொழில்ல விவரம் தெரிஞ்சவங்கதான் இந்தத் தப்பைப் பண்ணுவாங்க.”

அவன் பெயரை வாங்கியிருந்த கம்பெனிக்கு எழுதினாள். மகன் நேரில் கேட்டால் தருகிறோம் என்று பதில் வந்தது. அந்த மகனுக்காகத்தான் பெயரே வேண்டும் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? இனி ஒரே வழி. மீட்புக் காலம் முடிந்து, பதிவிலிருந்து நீக்கக் காத்திருக்கும் நாட்களும் முடிந்து, பெயர் யாருக்கும் சொந்தமில்லாமல் விழும். அதைத்தான் அவர்கள் பெயர் விழுவது என்பார்கள். விழும்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.

“கிடைச்சிடும்மா?” என்று கேட்டார் அவர்.

“வேற யாருக்கும் இதுமேல கண்ணு இல்லைன்னா கிடைச்சிடும்ணே. ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தாக்கூட கிடைக்கும். நீங்க நிம்மதியாப் போங்க, நான் பாத்துக்கறேன்.”

அவள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாங்கப் போகும் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சுவருக்கும் காது உண்டு என்பது அங்கே பழமொழி இல்லை, வேலை முறை. பெயர் காலியா என்று பார்க்க இணையத்தில் எத்தனையோ தளங்கள் இருக்கின்றன. அதில் யார் எந்தப் பெயரைத் தேடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அடிக்கடி கேட்கப்படும் பெயர்களை, பெயர்களை வாங்கிப் பதுக்கி அதிக விலைக்கு விற்கும் பெயர் வியாபாரிகளுக்குச் சொல்லிவிடும் தளங்களும் உண்டு என்று அந்தத் தொழிலில் எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் அக்கா கறுப்புத் திரையிலிருந்து, எல்லாப் பெயர்களும் பதிந்திருக்கும் பதிவேட்டையே நேராகக் கேட்பாள். கேட்பதும் அளவாக. அடுப்பில் பால் இருக்கும்போது எட்டிப் பார்ப்பது போல, காலையில் ஒரு தடவை தட்டி, நிலைமையைப் படித்து, மூடிவிடுவாள்.

கண்ணாடிக் கடைக்காரர் வாரத்துக்கு ஒரு முறை எங்கள் மாடிப்படி ஏறி வருவார். வரும்போது எங்கள் கண்ணாடிகளை வாங்கித் துடைத்துத் திருகை முடுக்கிக் கொடுப்பார். “உங்க தங்கச்சி கண்ணாடி மூக்குல நிக்குதா, மூக்கு கண்ணாடில நிக்குதான்னே தெரியலை” என்பார். மகனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பெயர் விழும் அன்று அக்கா லீவு போட்டாள். மேசை முன்னால் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நாற்காலியில். நான் கடைக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சின்னக் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடும்படி எழுதி வைத்திருந்தாள். பெயர் விழுந்ததும் தானாகவே எடுத்துக்கொள்ளும். நீக்கக் காத்திருக்கிறது, நீக்கக் காத்திருக்கிறது என்று ஒரே வரி கீழே கீழே ஓடிக்கொண்டிருந்தது. மத்தியான வெயில் திரைமேல் விழ, நான் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்பினேன். வரி மாறியிருந்தது. பெயர் விழுந்த அந்த நொடியிலேயே வேறு ஒரு கம்பெனியின் பெயர் சொந்தக்காரர் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

பெயர் வியாபாரிகளின் இயந்திரங்கள் கண் இமைப்பதற்குள் நூறு தடவை கேட்கும், அவற்றோடு போட்டி போட முடியாது. அது அக்காவுக்குத் தெரியும். ஆனால் யாரும் கேட்காத பெயருக்காக இயந்திரங்கள் காத்திருப்பதில்லை. யாரோ கேட்டிருக்க வேண்டும்.

“என்னம்மா ஆச்சு?”

“போயிடுச்சுண்ணே.”

அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இதுல இன்னும் காட்டலையே. காலியானதும் மணி அடிக்கும்னு போட்டிருந்துச்சே.”

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“உங்களை எத்தனை தடவைதான் தொந்தரவு பண்றதுன்னு, நானே ஒரு சைட்டு கண்டுபிடிச்சேன்மா. காலையில ஒரு தடவை, கடை சாத்தறப்ப ஒரு தடவை பேரைப் போட்டுப் பாப்பேன். மனசு கேக்காதப்ப நடுவுலயும் பாப்பேன். கிடைச்சதும் சொல்லுங்கன்னு அதுலயே ஒரு பட்டன் இருந்துச்சு, அதையும் அழுத்தி வச்சேன்.” ஏதோ நல்ல காரியத்தில் தானும் கை கொடுத்தது போல அதைச் சொன்னார்.

அக்காவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“என் கைதான் தாமதமாயிடுச்சுண்ணே” என்றாள். “ஒரு நொடி. என் தப்பு.”

அவர் போன பிறகு நான் கேட்டேன், “ஏன் அப்படிச் சொன்னே? அவர்தானே…”

“அவராலதான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. அவரால இல்லைன்னும் முடியாது.” திரையை மூடினாள். “பாக்காதீங்கண்ணேன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அவருக்கும் தெரியும்னு எப்படி நினைச்சேனோ. இனிமே சொன்னா, மகனைத் தானே துரத்தினதா அந்த மனுஷன் ரெண்டாவது தடவை நினைப்பாரு. ஒண்ணு போதாதா?”

புதுச் சொந்தக்காரருக்கு அவள் எழுதினாள். பெயர் வேண்டாம், ஒரே ஒரு முகவரிக்கு வரும் மெயிலை மட்டும் எங்களுக்குத் திருப்பிவிடுங்கள் என்று. பதிலுக்கு ஒரு விலை வந்தது. கடையையே விற்றாலும் எட்டாத விலை.

அதற்குப் பிறகு அவள் அடித்த கட்டளை வேறு. அந்தப் பெயருக்கு வரும் மெயிலை வாங்கிக்கொள்ளப் புதுச் சொந்தக்காரர் ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறாரா என்று கேட்கும் கட்டளை. தினமும் காலையில் கேட்பாள். இல்லை என்று வரும். ஒரு நாள் அவர் கேட்டார்:

“இப்ப அவன் எழுதினா என்னம்மா ஆகும்?”

“திரும்பிப் போயிடும்ணே.”

“போனா அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும். இப்படி ஒரு முகவரி இல்லைன்னு வரும்.”

அவர் கையில் என் கண்ணாடி இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தார். “அப்பன் கதவைச் சாத்திட்டான்னு நினைப்பான், இல்ல?”

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அன்று அவளுக்கு அது வாயில் வரவில்லை.

அந்த வருடமே அவளுக்கு நுரையீரலில் நோய் வந்தது. மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள் நான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சுக் குழாயோடு படுத்திருந்தபோதும், “அந்தப் பேரைப் பாத்தியா?” என்பாள். கட்டளையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான். நான் தப்பாக அடித்தால், “இடைவெளி விடுடி, மூச்சு விடறதுக்கு” என்று சொல்லிவிட்டு இருமுவாள்.

அவள் போன அன்று கண்ணாடிக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். அவள் தலைமாட்டில் நின்று, என்னிடம் மெல்லச் சொன்னார்:

“ஒரு நொடி தாமதமானதை மனசுல வச்சு வருத்திக்கிட்டாங்கம்மா. நான் அவங்களை ஒரு நாளும் குத்தமா நினைச்சதில்லை. மன்னிக்க அதுல என்ன இருக்கு? யாருக்கும் கை தவறும்.”

நான் தலையாட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து மறுபடி மாடியேறி வந்தார். பெயரின் வருடம் முடியும் நேரம் நெருங்கியிருந்தது. விலை போகாத பெயர்களை வியாபாரிகள் விட்டுவிடுவதும் உண்டு என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள். அக்காவின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். கட்டளை அடித்தேன். இன்னும் அவர்களிடம்தான், ஆனால் புதுப்பிக்கவில்லை.

“அப்ப விழுமா?”

“விழலாம்.”

முகம் மலர்ந்து போனை எடுத்தார். “நானும் ஒரு கண்ணு வச்சுக்கறேன்மா. உங்களுக்கும் வேலை இருக்கும்.”

“அண்ணே, அதுல பாக்காதீங்க” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

“ஏம்மா?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “அதுல சரியாக் காட்டாது. நான் பாத்துச் சொல்றேன்.”

“காட்டாட்டி என்ன, பாத்தா என்ன நஷ்டம்?”

அக்காவாக இருந்தால் ஒரு நொடியில் ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பேசாமல் இருந்தேன். இருந்தது கொஞ்ச நேரம்தான், ஆனால் அதிகம். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, போய்விட்டார். படியில் அவர் நின்று நின்று இறங்கும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கடைக்குப் போய்ப் பார்த்தேன். யாருக்கோ பவர் பார்த்துக்கொண்டிருந்தவர், தூரத்திலிருந்தே தலையை மட்டும் ஆட்டினார். பெயர் இன்னும் விழவில்லை. விழுந்தால் எடுப்பதற்கு எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டால் அவரிடம் போய் எப்படித் தொடங்குவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.