பேச்சுக்கு மட்டும் உபயம் எழுதுவதில்லை

“அம்மா, நான் காப்பி அடிச்சேனா?”

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல் இப்படிக் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லலாமா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் எண்ணூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை பார்க்கிறார். கிளம்பினால் பல மாதங்கள் ஆகும் திரும்ப. ஏதாவது துறைமுகத்தை அடைந்தால் போன் வரும். கடைசியாகக் கிளம்பும்போது, “நான் இல்லாத நேரத்துல கட்சி ஆளுங்க சகவாசம் எதுவும் வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். கட்சி ஆட்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. என் குரல் மட்டும்தான் வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் பகுதியின் பெண் கவுன்சிலர் மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். பதவிக்கு வரும்முன் மீன் விற்றவர். தெருவில் சாக்கடை நிற்பதைப் பற்றி மனு கொடுக்கப் போயிருந்தேன். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டதாகச் சொல்லி என்னையே படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் மனுவை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

“இன்னாமே, சாக்கடையப் பத்திப் படிக்கிற, எனக்கு அழுவ வருது. மீட்டிங்குல பேச எனக்கும் ஒண்ணு எய்திக் குடேன்.”

எழுதிக் கொடுத்தேன். மேடையில் தாளைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றார். அதனால் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பத் தொடங்கினேன். மகள் பள்ளிக்குப் போனபின், கன்டெய்னர் லாரிச் சத்தம் கேட்காமல் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, யாருமில்லாத வீட்டில் “பெரியோர்களே, தாய்மார்களே” என்று மெல்லிய குரலில் சொல்வேன். அவர் மீன் ஆய்ந்துகொண்டே அதைக் கேட்பாராம். மேடையில் அது அவருடைய பாஷையாக மாறிவிடும். என் ‘எனவே’ அங்கே ‘அத்தொட்டு’ ஆகிவிடும். பிறகு யாரோ எடுத்த வீடியோ எனக்கும் வரும். தனியாக உட்கார்ந்து பார்ப்பேன். எது என்னுடையது, எது அவருடையது என்று பல இடங்களில் எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு வரியை மட்டும் சொல்ல முடியும்.

அப்போது மகளுக்கு ஐந்து வயது. நாங்கள் போன பஸ், லாரிகளின் நெரிசலில் நின்றுவிட்டது. தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது.

“அம்மா, அது யாரு வூட்டு அடுப்பு?”

கரண்ட் தயாரிக்கிற இடம் என்றேன்.

“பொகை நம்ம வூட்டுக்குத்தானே வருது? சோறு எப்ப வரும்?”

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வாரம் கழிமுகத்தில் மின் நிலையச் சாம்பல் சேர்வதைப் பற்றி நெட்டுக்குப்பத்தில் கூட்டம். பதிவின் கடைசியில் இந்த வரியைச் சேர்த்தேன். வேறொருவருடையதை எடுக்கிறோம் என்று தோன்றவே இல்லை. வீட்டில் இருந்த உப்பைக் குழம்பில் போட்டது போலத்தான் இருந்தது.

“எவ்ளோ பெரிய அடுப்பு எரியுது நம்ம வாசல்ல! பொகை நம்மளுக்கு. சோறு யாருக்கு?” என்று அவர் கேட்டபோது விசில் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. ‘புகை எங்களுக்கு, சோறு யாருக்கு?’ என்று சுவர்களில் எழுதினார்கள். ஷேர் ஆட்டோக்களின் பின்னால் வந்தது. எந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்தோ என் கணவர் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, “நம்ம ஏரியா அம்மா இன்னா பேச்சு பேசுது பாரு, நீயும் கேளு” என்றார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தலைவர்களுக்குப் பேச்சு எழுதுகிறவர்களின் பெயரை வெளியே சொல்ல வேண்டுமா என்று சமீபத்தில் ஒரு விவாதம் படித்தேன். எங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட, வெளிச்சம் வருகிற இடத்தை மறைத்து ‘உபயம்’ என்று பெயர் எழுதுவார்கள். கட்சி போஸ்டரின் கீழே ‘இவண்’ என்று பத்துப் பேர் வரிசையாகச் சிரிப்பார்கள். பேச்சுக்கு மட்டும் அப்படி எதுவும் இல்லை. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன். உனக்குப் பெயர் வேண்டுமா என்று கேட்டால் பயந்து ஓடிவிடுவேன். என் விஷயம் அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பள்ளியில், வரும் வழியில் பார்த்ததைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மகள் அடுப்பையும் புகையையும் சோற்றையும் சொல்லியிருக்கிறாள். மிஸ் சிரித்துவிட்டு, “அது கவுன்சிலர் பேசினது. நீ சொந்தமா யோசிச்சு சொல்லு” என்றிருக்கிறார். மிஸ்ஸின் மேல் தப்பில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் ‘குட்டி கவுன்சிலர்’.

“பஸ்ல நான்தான் சொன்ன மாதிரி ஞாபகம் இருக்கும்மா” என்றாள். “ஆனா எங்கயாவது கேட்டதுகூட நம்மளே சொன்ன மாதிரி தோணுமாம். மிஸ் சொன்னாங்க.”

பாலை ஆற்றிக் கையில் கொடுத்தேன்.

மறுநாள் கவுன்சிலரிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த அடுப்பு வரி என் பொண்ணு சொன்னது.”

“ஐய! அந்த வாலா?” உரக்கச் சிரித்தார். “நான் உன்துன்னுல்ல நெனச்சுகினு இருந்தேன். அப்போ நீயும் என்ன மாதிரி இரவல் கேஸுதானா?”

என்னால் சிரிக்க முடியவில்லை. பள்ளியில் நடந்ததைச் சொன்னேன். உண்மையை அவளிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். இறால் உரித்த கை நின்றது.

“சொல்லு. யாரு வேணான்னா? அது ஸ்கூல்ல சொல்லும். சாயங்காலத்துக்குள்ள குப்பம் பூரா தெரியும். மீன் விக்கிறவளுக்கு மைக்கு ஒரு கேடான்னு ஏற்கெனவே கேட்டுகினு கீறானுங்க. இப்போ வாடகைப் பேச்சுன்னுவானுங்க. அந்தப் பேச்சுக்கு எம்மேல கேஸு கீது தெரியுமா? ஸ்டேஷன்ல போய்க் குந்திகினு இருந்தது நீயா, உன் பொண்ணா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்தபோது, “மூஞ்ச ஏன் அப்டி வச்சுக்கிற? அடுத்த மீட்டிங்குக்குப் பாப்பாவ இட்டா. நான் பாத்துக்கறேன்” என்றார்.

கூட்டிப் போனேன். மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். நான் பதிவு செய்து அனுப்பிய பேச்சுதான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நான் அனுப்பாத ஒன்றைச் சொன்னார்.

“அந்த அடுப்புக் கேள்விய நான் கேக்கல நைனா. நம்ம ஏரியாவுல ஒரு கொயந்த கேட்டுச்சு. அஞ்சு வயசுக் கொயந்த!”

ஒரே கைதட்டல். எங்களுக்குப் பின்னாலிருந்த ஆள், “கொயந்தயாம்! அக்கா இன்னாமா டகுலு உடுது பாரேன்!” என்று, அவர் கதை விடுவதாகவே நினைத்து, பக்கத்திலிருந்தவரிடம் சந்தோஷமாகச் சொன்னார். மேடையிலிருந்து கவுன்சிலர் ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார், பாவம்.

மகள் என் புடவையை இழுத்தாள். “எந்தக் கொயந்தம்மா? எங்க ஸ்கூலா?”

அப்போது சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. “பேசறாங்கல்ல, கேளு” என்றேன். அவள் சமர்த்தாகக் கேட்டாள். எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள்.

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். பிறகு நிறுத்தி, “இத யாராச்சும் முன்னாடியே சொல்லிட்டாங்களாம்மா?” என்று கேட்கிறாள். இல்லை, நீ சொல்லு என்கிறேன். “ஒண்ணுமில்ல” என்று திரும்பிக்கொள்கிறாள். பஸ் நிறைய ஆட்கள் இருக்கும். இதைச் சொல்லி யோசனை கேட்க எனக்கு அங்கே ஒருவரும் இல்லை. கணவரிடம் சொன்னால் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அவளிடம் சொன்னால், வெளியே சொல்லாதே என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் அந்த ரகசியத்தை வைக்கலாமா? சொல்லாவிட்டால், தன் ஞாபகத்தையே நம்பாமல் வளர்ந்துவிடுவாளோ? தைரியமாக எல்லோரிடமும் சொன்னால், நான் எழுதியதற்காகக் காவல் நிலையம் வரை போய் உட்கார்ந்த ஒரு பெண்ணைப் பார்த்து ஊர் சிரிக்கும். பிள்ளை வளர்த்தவர்கள், பிறருக்காக எழுதிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.