நைவேத்தியம் முடிகிற வரை

என் கணவர் பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சின்னப் பிள்ளையார் கோவிலில் திடப்பள்ளிக்காரர். சாமிக்குச் சமைக்கிற இடத்துக்கு இங்கே திடப்பள்ளி என்று பெயர். விடியற்காலையில் குளித்து ஈரத்துணியோடு உள்ளே போனால், நைவேத்தியம் முடிகிற வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அது அவர் அப்பா வைத்த வழக்கம். கொதிக்கிற உருளிக்கு முன்னால் நின்றுகொண்டு அது எப்படி முடிந்ததோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கல்யாணமாகிச் சில வருஷத்தில் அவருக்குக் குரோன்ஸ் என்ற குடல் நோய் வந்தது. வயிற்றுவலி, நினைத்த நேரத்தில் வயிற்றுப்போக்கு. சமையலுக்கு நடுவே வெளியே போனால் மறுபடி தலைமுழுகித்தான் உள்ளே வரவேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரைக் குறைத்துவிடுவது. உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராதாம். எந்த மெடிக்கல் காலேஜில் படித்தாரோ.

முதல் கல் வந்தபோது வலியில் சுருண்டு தரையில் கிடந்தார். டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இந்தக் குடல் நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தில் கல் சுலபமாகச் சேரும், போக்கில் உடம்புத் தண்ணீர் போகிறது, அடுப்புச் சூடு வேறு, நிறையக் குடிக்காவிட்டால் சிறுநீரகம் நிற்காது என்றார். கோவில் மேனேஜர்கூட, குடித்துக்கொள்ளுங்கள் சுவாமி, யார் பார்க்கப் போகிறார்கள் என்றாராம். பார்க்கவேண்டியவர் பார்ப்பார் என்று இவர் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்னா, அத்தனை பெரிய தொப்பையை வெச்சுண்டிருக்கற பிள்ளையாரா உங்களுக்கு ஒரு டம்ளர் ஜலம் கூடாதுன்னு சொல்லப் போறார்?"

"சாரமில்லை, விடு," என்றார். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊர் மலையாளம். எதற்கும் அவருக்கு அந்த ஒரு மருந்துதான்.

தூக்கில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திடப்பள்ளி வாசலில் போய் நின்றிருக்கிறேன். தளும்பத் தளும்ப அப்படியே திரும்பி வரும். சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன், அழுதேன். உயிர்மேல் ஆசை இல்லாதவர் இல்லை. ஆனால் பாயசம் குறுகி வருகிற பதத்தைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அந்த அடுப்படியை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அதுதான் வயிற்றெரிச்சல்.

கல் வருவதும் எடுப்பதுமாக, ஒரு சிறுநீரகம் அடைபட்டுச் சுருங்கியது. கொஞ்ச வருஷத்தில் மற்றதும் போயிற்று. இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். திடப்பள்ளிக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கி மூச்சை அடைக்கும், அளந்துதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். குடிங்கோ குடிங்கோ என்று அவர் பின்னால் அலைந்த நான், இப்போது செம்பையும் குடத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறேன்.

நேற்று கோவிலில் நைவேத்திய மணி கேட்டது. மணி ஓய்கிற வரை காத்திருந்து, கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"நைவேத்தியம் ஆயிடுத்து. இனி கொஞ்சம் ஜலம் தரலாமோல்லியோ?"

அன்றைக்கான அளவு காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. துணியை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டேன்.