கட்டுப் போட்ட கையும் ஏழாம் வாய்ப்பாடும்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். வாக்கியம் நடுவில் நொண்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. சபை மலருக்குப் பெரியவர்கள் எல்லாரும் ஒரு பழைய சங்கதி எழுதித் தரவேண்டும் என்று போதகர் வீட்டம்மா ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாள் அதை வெறுமனே மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சித்தூர்ப் பக்கம் குடிபாலாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனா, அதாவது என் அப்பா, கரும்பு வெட்டப் போவார். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடிப்பதும் அவர்தான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது. அறுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். நைனாவின் அக்கா, என் அத்தை, சித்தூரில் பெண்கள் போர்டிங் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்தாள். எங்கள் பக்கத்துக் கிராமத்துச் சபைகளுக்கெல்லாம் சேர்த்து அந்த வருஷம் அங்கே ஒரே ஓர் இடம். வாய்ப்பாட்டிலும் எழுத்திலும் நான்தான் முதல் என்பதால் அது எனக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அம்மா ஒரு தகரப்பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, கரும்பு ஏற்றிய வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு கரும்பு உருவப் போய் விழுந்தேன். வலது கை முழங்கைக்குக் கீழே ரெண்டாய் மடிந்து தொங்கியது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது, புத்தூர் எலும்புக் கட்டுதான். கார்வேட்டிநகரம் வழியாகப் போகும் பஸ்ஸில் நைனா என்னை மடியில் வைத்துக்கொண்டு போனார். முட்டையும் பச்சிலையும் தோய்த்த துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்து, விரல் நுனி மட்டும் தெரியும்படி கட்டினார்கள். விரலை அசைக்கவே கூடாது என்றார்கள். கட்டின கையை இடது கையால் ஏந்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டாள். நானும் அப்படியே இருந்தேன்.

முதலில் நடந்தது சின்ன விஷயம். தினமும் தங்கச்சிக்கு நாலுகால் பின்னல் பின்னிவிடுவது நான்தான்.

"எப்டிக்கா? நீ சொல்லு, நானே பின்னிக்கிறேன்" என்று அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள்.

"மொதல் காலை எடுத்து... இல்ல, ரெண்டாவதைத் தூக்கி..."

"டெய்லியும் பின்னிவுடறவ நீதானே? கையோட மூளையையும் சேத்துக் கட்டிட்டாங்களா?"

சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்திலும் போர்டில் டீச்சர் எழுதுவது எறும்பு ஓடுவதுபோலத் தெரிந்தது. அதுவரை அவர் எழுத எழுத என் விரல் தொடைமேல் கூடவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. விரல் நின்றதும் எழுத்தும் விலகிப்போய்விட்டது. வலியால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

போர்டிங்குக்குப் பிள்ளை எடுக்கும் நாள் வந்தது. நைனா கூட்டிப்போனார். அங்கே பெரிய டீச்சர் தெலுங்குக்காரம்மா, நல்ல மனுஷி. என் கட்டைப் பார்த்து, "அய்யோ பாவம். எழுத வேணாம்மா, நோட்டித்தோ செப்பு" என்றார். வாயால் சொன்னால் போதும் என்று எனக்காக இரக்கப்பட்டார். "ஏழெட்டு எவ்வளவு?"

ஏழாம் வாய்ப்பாடு எனக்கு விரல் கணுக்களில் இருந்தது. சுட்டுவிரலின் அடிக்கணுவில் ஏழு, நடுவில் பதினாலு, மேலே இருபத்தொன்று. ஏழெட்டு மோதிர விரலின் நடுக்கணு. கட்டைவிரல் அங்கே போய்த் தொட்டால் ஐம்பத்தாறு தானாக வாயில் வரும். கட்டைவிரல் மூங்கிலுக்குள் இருந்தது. ஏந்தியிருந்த கட்டுக்கையை விட்டுவிட்டு இடது கையை விரித்துப் பார்த்தேன். அது பள்ளிக்கூடமே போகாத கை, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. பெரிய டீச்சர் வேறு கணக்கு கேட்டார், எழுத்துக் கூட்டச் சொன்னார். கையெல்லாம் துணிக்குள் துடித்ததே தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

கதவோரம் நின்றிருந்த அத்தை என்னை வெளியே இழுத்துவந்தாள். "அஞ்சு வருசமா யாரைப் பாத்துடி எழுதிக்கினு இருந்த? என் மானத்தை வாங்கிட்டியே."

பெரிய டீச்சர் மட்டும், பிள்ளை பயந்துவிட்டாள், கட்டு அவிழ்த்ததும் பள்ளி திறப்பதற்குள் மறுபடி கூட்டிவாருங்கள், அதுவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார்.

கட்டு அவிழ்த்தபோது கை குச்சியாக இருந்தது. வலி இருக்கிறதா என்று பார்க்க அடுப்புக்கரியை எடுத்து வீட்டுப் பின்சுவரில் ஒரு ஏழு போட்டேன். கை நிற்கவில்லை. ஏழாம் வாய்ப்பாடு முழுக்க வந்தது. எட்டு, ஒன்பது, அன்றைக்குப் பெரிய டீச்சர் கேட்டு எழுத்துக் கூட்ட வராத வார்த்தைகள், எல்லாம் சுவர் நிறைய வந்தன. பின்னால் நைனா நின்றுகொண்டிருந்தார்.

"இந்தா, எல்லாம் வருதே! நாளைக்கே சித்தூர் போலாம், காலைல மொத பஸ்சு."

"வேணாம் நைனா. எனக்கு இதெல்லாம் தெரியாது. கைக்குத்தான் தெரியும்."

"கைக்குத் தெரிஞ்சா உனக்குத் தெரிஞ்ச மாதிரி இல்லியாடி?"

"இல்ல நைனா, அது பொய்யி. அந்த டீச்சர்கிட்ட பொய் சொல்லிட்டு நான் அந்த எடத்துல ஒக்கார மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பாடசாலையில் பொய்யைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். என் தலையில் இல்லாததைக் கை எழுதினால் அது திருட்டு என்று முழுசாக நம்பினேன். நைனா வற்புறுத்தவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்கிற பிள்ளையை வற்புறுத்த அவருக்கும் பயம். இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. மழை விழுந்ததும் நான் அம்மாவோடு நிலக்கடலைக்குக் களை எடுக்கப் போனேன்.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். சீப்பைக் காட்டினால் அவருக்குப் பெயர் வராது. பயிற்சி கொடுக்கிற பெண் சீப்பை அவருடைய நல்ல கையில் கொடுத்தாள். அவர் தலைவரைக்கும் கொண்டுபோனார். "சீப்பு" என்றார்.

"கை வேற, தலை வேற இல்லம்மா" என்றாள் அந்தப் பெண். "கையை ஆட்டறதுக்குன்னு மூளைல இருக்கிற இடம், நாம பாக்கறப்பவும் யோசிக்கறப்பவும் கூடவே வேலை செய்யுது."

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

கட்டு எத்தனை வாரம் இருந்தது, பள்ளி திறக்க எத்தனை நாள் இருந்தது என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். தங்கச்சி சித்தூரில்தான் இருக்கிறாள், யாராவது அவளைக் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். நைனா கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் மட்டும் மாற்ற வேண்டாம். அவர் கேட்டது சரி என்று தெரிய எனக்கு நாற்பது வருஷத்துக்குமேல் ஆயிற்று. அப்போது அவரிடம் சொல்ல அவர் இல்லை.