ஒரு விரல் அகலம்

என் மகளின் போனில் ஒரு புதிர் விளையாட்டு. பள்ளத்தில் விழுந்த பொம்மை, பட்டனை அழுத்தினால் வந்த வழியே பின்னோக்கிப் போய் மேலே நிற்கிறது.

“தப்பு பண்ணா பரவால்லமா. அழுத்து, சரியாயிடும்” என்றாள்.

அழுத்தினேன். பொம்மை பின்புறமாக ஏறியதும் அப்பாவின் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் இரண்டு பேர் உட்காருவார்கள். புடவையின் உடலை அப்பா நெய்வார். கரைக்கான நூல் ஓடும் நாடாவை எறிந்து, கரையை உடலோடு கோப்பது அம்மா. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வரைந்த மயிலைக் காட்ட, “யம்மா, இங்க பாரேன்” என்று கூப்பிட்டேன். தறிச் சத்தத்தில் அப்பாவுக்கு அது கேட்கவில்லை; அம்மா திரும்பியதில் ஒரு இழை கோக்காமல் போய்விட்டது. ஒரு விரல் அகலம் நெய்த பிறகுதான் அப்பா கவனித்தார்.

“கண்ண எங்க வச்சிக்கினு இருக்க?” என்று அம்மாவை அறைந்தார்.

பிறகு தறிக்கு அடியில் இருக்கும் மிதிகட்டைகளைத் தலைகீழ் வரிசையில் மிதித்து, இழைகளை ஒவ்வொன்றாக உருவினார். பட்டுக்கு வலிக்குமோ என்பதுபோல அவ்வளவு மெதுவாக. மறுபடி நெய்து முடித்ததும், “பாரு, தப்பு நடந்த எடமே தெரியல” என்று துணியைத் தடவிக் காட்டினார்.

“ஆமா, தெரியல” என்றாள் அம்மா. கன்னத்தில் நான்கு விரல்கள் தெரிந்தன.

கூப்பிட்டது நான்தான் என்று அம்மா சொல்லவில்லை. அப்பா சாகும்வரை நானும் சொல்லவில்லை.

“பட்டன விடும்மா, பின்னாடியே போய்க்கினு இருக்குது” என்றாள் மகள்.

நான் விடவில்லை. பொம்மை ஆட்டத்தின் ஆரம்பத்துக்கே வந்து நின்றது. அதற்கு மேல் அதுவும் போகவில்லை.