சர்க்கரைக்கு வாசனை இல்லை

கறையக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்புவாள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வங்கியிலும் மருத்துவமனையிலும்தான் இருந்தார்கள். டிரைகிளீனிங் கடையின் பின்பக்க அறையில், ஜன்னலோரத்துக் கறை மேசையில் அவள் நிற்கத் தொடங்கிப் பத்தொன்பது வருடமாகிவிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது. வலது காலால் மிதியை அழுத்தினால் மேசைக்கு மேலே தொங்கும் குழாயிலிருந்து நீராவி வரும். அந்த நேரமெல்லாம் இடது கால்தான் உடம்பு முழுவதையும் சுமக்க வேண்டும். மாலையில் செருப்பு மாட்டும்போது இடது கால் மட்டும் உள்ளே போக அடம்பிடிக்கும். தனக்கு ஒரு காலுக்கு மட்டும் வயதாகிறது என்று தங்கையிடம் சொல்வாள். அதற்கு மேல் புலம்ப மாட்டாள்.

கடைக்கு வரும் துணி எதுவானாலும் முதலில் அவள் மேசைக்கு வந்துதான் இயந்திரத்துக்குள் போகும். இயந்திரத்தில் ஓடுவது தண்ணீர் இல்லை, கரைப்பான். கடையில் அதற்கு மருந்து என்று பெயர். எண்ணெய், மை, உதட்டுச் சாயம், கழுத்துப்பட்டையின் பிசுக்கு எல்லாவற்றையும் மருந்து வாரிக்கொண்டு போய்விடும். சர்க்கரையை மட்டும் அது தொடாது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று படித்ததை அவள் மறக்கவில்லை. பாட்டி காலத்துப் பழமொழியே இதைச் சொல்லிவிட்டதே, இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே என்று. எண்ணெய்க்குச் சொந்தக்காரன் மருந்து, சர்க்கரைக்குச் சொந்தக்காரன் தண்ணீர். தண்ணீரைக் கண்டால் சர்க்கரை துணியை விட்டு இறங்கி அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடும். மருந்தைக் கண்டால் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால் தொல்லை இல்லை. எலுமிச்சைச் சாறு கலந்த குளிர்பானம் மேலே சிந்துகிறது. நுரைக்கிறது, வாயு பறந்துவிடுகிறது, தண்ணீர் காய்ந்துவிடுகிறது. துணி பழையபடி வெள்ளையாக இருக்கிறது. சிந்தியவரே மறந்துவிடுகிறார். கவுண்டரில் கேட்டால் ஒன்றும் சிந்தவில்லையே என்று சத்தியம் செய்வார். அந்தத் துணி மருந்தில் புரண்டு, உலர்ந்து, கடைசியில் சூடான பிரஸ்ஸின் கீழே படுக்கும்போதுதான் சர்க்கரை கருகிப் பழுப்பாக எழும். எழுந்த பிறகு எந்தச் சாமியாலும் அதை இறக்க முடியாது.

அதற்காகத்தான் கறையக்காவின் மூக்கு. வெளிர் நிறத் துணி ஒவ்வொன்றிலும் நீராவியை ஒரு மூச்சு விட்டு, குனிந்து முகர்வாள். சர்க்கரைக்கு வாசனை கிடையாது. அதோடு கூட வந்த எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் உண்டு. குளிர்ந்த துணியில் அவை இழையைக் கட்டிக்கொண்டு கிடக்கும். சூடு பட்டதும் பிடியை விட்டு மேலே கிளம்பும். கிளம்புகிற அந்த நொடியில் மூக்கு அங்கே இருக்க வேண்டும். வாசனை எந்தக் கையோரத்தில் வருகிறது என்பதை வைத்து, கோட்டு போட்டிருந்தவர் இடது கைப்பழக்கக்காரர் என்பதுவரை சொல்லியிருக்கிறாள். போலீஸ்காரர் யாராவது உடுப்பு கொடுக்க வந்தால் முதலாளியம்மா, மோப்பம் பிடிக்க எங்கள் ஆளைக் கேட்டுவிடாதீர்கள், தரமாட்டோம் என்பார்.

மூன்று மாதங்களுக்கு முன் நான்கு நாள் காய்ச்சல் அடித்தது. எழுந்தபோது மூக்கு போயிருந்தது. அவளுக்கு அது உடனே தெரியவில்லை, சளி என்று இருந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது தங்கை உள்ளே வந்தாள். வந்தவள் ஓடிப்போய் அடுப்பின் குமிழைத் திருகினாள், ஜன்னல் கதவுகளைத் திறந்தாள், அக்காவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். அடுப்பு எரியாமலே வாயு வந்துகொண்டிருந்திருக்கிறது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அவள் அதற்குள்தான் அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

"வீடு பூரா நாறுதுக்கா. உனக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றாள் தங்கை.

மூக்கடைப்பு என்று சொல்லிச் சமாளித்தாள். மருத்துவரிடம் தனியாகப் போனாள். காய்ச்சலால் போனதா, இத்தனை வருடம் மருந்துப் புகையில் நின்றதால் போனதா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார். அந்த பதிலுக்கு அவள் ஒரு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கடையில் யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு இல்லாத கறையக்காவுக்குக் கறை மேசையில் என்ன வேலை? துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரல் நுனியை ஈரமாக்கித் தடவி, ஒட்டுகிறதா என்று பார்த்தாள். ஒருமுறை, அறையில் யாரும் இல்லாதபோது, யாரோ ஒருவரின் வெள்ளைக் கோட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். நாக்குக்கு இனிப்பு இன்னும் தெரிந்தது. ஆனால் எந்த இடத்தில் சிந்தியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு கோட்டை எங்கிருந்து நக்கத் தொடங்குவது? ஒரு நாளைக்கு நாற்பது உருப்படி வருகிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மற்றத் துணிகளிலும் வழக்கம்போல நீராவி விட்டுக் குனிந்தாள். குனிவதை மட்டும் நிறுத்தவில்லை. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் பழையபடி இருந்தது.

வெயில் காலம் வந்தது. ஊரே குளிர்பானம் குடித்தது. மூன்றே வாரத்தில் மூன்று உருப்படிகளில் பழுப்பு எழுந்தது. ஒரு லினன் கோட்டு, ஒரு பட்டுச் சட்டை, ஒரு பால் வெள்ளைக் கால்சட்டை. மூன்றும் பிரஸ்காரர் கையில்தான் எழுந்தன.

பிரஸ்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடை திறந்த நாளிலிருந்து இருப்பவர். மூன்றாவது கறையைப் பார்த்ததும் முதலாளியம்மா, பிரஸ்ஸின் சூட்டில் துணி கருகிவிட்டது என்று நினைத்து, அவரைக் கூப்பிட்டுப் பேசினார். கத்தவில்லை. கண் மங்குகிற வயது, கை தளர்கிற வயது, யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, இந்தச் சனிக்கிழமையோடு நின்றுகொள்ளுங்கள் என்றார். சூடு பட்டது போல இல்லையே என்று பிரஸ்காரர் மெதுவாக இழுத்தார். அதற்கு முதலாளியம்மா சொன்ன பதில் கறை மேசைவரை கேட்டது.

"சர்க்கரையா இருந்தா அவ விட்டிருப்பாளா? பத்தொன்பது வருஷத்துல ஒண்ணு விட்டிருக்காளா?"

பிரஸ்காரர் திரும்பிக் கறையக்காவைப் பார்த்தார். அவள் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.

அன்று திங்கட்கிழமை. செவ்வாயும் புதனும் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் மேசை போகும். சொல்லாவிட்டால் அவர் போவார். மேசை போனால் அவளுக்கு வேறு என்ன தெரியும்? அவர் போனால் அந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? பேருந்தில் நின்றுகொண்டே இதை மாற்றி மாற்றி நினைத்து அலுத்துப்போனாள். மூக்குதான் திரும்பி வந்துவிடக்கூடாதா என்று காலையில் எழுந்ததும் சோப்புக்கட்டியை எடுத்து முகர்வாள். கல்லை முகர்ந்தது போல இருக்கும்.

வியாழக்கிழமை மதியம் அவள் பார்த்தது வேறொன்று. பிரஸ்காரர் சூட்டைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார். சட்டைகள் சுருக்கம் போகாமல் வந்தன. ஒவ்வொன்றையும் மூன்று தடவை போட்டு எடுத்தார். பிரஸ்ஸின் மேல்தட்டை மூடுவதற்கு முன் துணியைத் தடவினார், மூடினார், மனம் கேளாமல் உடனே திறந்து பார்த்தார். நீராவி வீணாகப் போயிற்று. முப்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை.

"என்னண்ணே, சூடு ஏறலையா?" என்று கேட்டாள்.

"சூடெல்லாம் ஏறுது. கைதான் போச்சும்மா." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "எப்போ போச்சுன்னே தெரியல. வீட்லகூட இப்போ டம்ளரை ரெண்டு கையால பிடிக்கிறேன்."

கையில் ஒரு குறையும் இல்லை என்பது அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். வேலை போவது வேறு. அவர் தன் கையையே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். நேராக முன்பக்கம் போய், மூன்றும் சர்க்கரைதான், விட்டது நான்தான் என்றாள்.

முதலாளியம்மா நம்பவில்லை. அண்ணே அண்ணே என்று கூப்பிடுகிற பாசம் கண்ணை மறைக்கிறது என்றார். அவருக்கு வயதாகிவிட்டது, உனக்கு என்ன வந்தது என்று கேட்டார்.

"எனக்கு மூக்கு இல்லம்மா."

முதலாளியம்மா அவள் முகத்தின் நடுவே பார்த்தார். "இருக்குதே."

"இருக்குது. வேலை செய்யல."

கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கப் பார்த்து, சூழ்நிலையைக் கண்டு அடக்கிக்கொண்டாள்.

சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்று கறையக்காவே சொன்னாள். எப்படிச் சோதிப்பது என்பதையும் அவளே சொல்லிக்கொடுத்தாள். ஒரே வெள்ளைத் துணியில் நான்கு துண்டு. அவள் பார்க்காமல் ஒன்றில் எலுமிச்சைக் குளிர்பானம், மற்ற மூன்றில் வெறும் சோடா. நான்கும் நுரைத்தன, நான்கும் மின்விசிறிக்கு அடியில் காய்ந்தன. காய்ந்த பிறகு ஊற்றியவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. முதலாளியம்மா ஊற்றும்போதே துண்டுகளின் மூலையில் பென்சிலால் எண் போட்டு, தன் உள்ளங்கையில் பேனாவால் ஏதோ குறித்து வைத்திருந்தார்.

கறையக்கா தன் மேசையில் நின்று நான்கிலும் நீராவி விட்டாள். குனிந்தாள். சூடு முகத்தில் பட்டது, ஈரம் பட்டது. வேறொன்றும் வரவில்லை. கவுண்டர் பெண் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். இரண்டாவது துண்டில் நீராவி பட்டதுமே அவள் முகம் மாறியதைக் கறையக்கா கவனித்தாள். அதைப் பார்த்து விடையைச் சொல்லியிருக்கலாம்.

"தெரியல," என்றாள்.

நான்கு துண்டும் அன்றைய சுமையோடு மருந்தில் ஓடி வந்தன. பிரஸ்ஸில் போடச் சொன்னபோது பிரஸ்காரர் தயங்கினார். வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள் என்றார். முதலாளியம்மா விடவில்லை. அவர் சூட்டை முழுதாக ஏற்றி, நான்கையும் வரிசையாகப் பரப்பித் தட்டை மூடினார். திறந்தபோது மூன்று துண்டுகள் வெள்ளையாக இருந்தன. இரண்டாவதில் நடுவே வெளுத்து, ஓரம் மட்டும் கருத்த ஒரு பழுப்பு வட்டம். முதலாளியம்மா லினன் கோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன இரண்டு கறைகளும்.

முதலாளியம்மா உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். தெரிந்தே விட்டாயா, தெரியாமல் விட்டாயா என்று கேட்டார். தெரியாமல்தான் என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டார். அதையும் சொன்னாள். முதலாளியம்மா அங்கேயே நின்று முடிவைச் சொல்லிவிட்டார். பிரஸ்காரர் இருப்பார். நாளையிலிருந்து கவுண்டர் பெண் கறை மேசைக்கு. கறையக்கா அடையாளச் சீட்டு குத்துகிற பெஞ்சுக்கு. வாடிக்கையாளர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது, முதல் நாளே சொல்லியிருக்கலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

பிரஸ்காரர் அந்தப் பழுப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி எதிர்பார்த்ததே அவர் பேசிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மூணு வாரமா பாத்துக்கிட்டே இருந்தியேம்மா."

மூன்று நாளாகத்தான் உங்களை அனுப்புவதாகச் சொன்னார்கள் என்று கணக்குச் சொல்லியிருக்கலாம். அவர் வேலையைச் சொல்லவில்லை, கையைச் சொல்கிறார் என்று புரிந்ததால் சும்மா இருந்தாள்.

வெள்ளியும் சனியும் அவர் அவளோடு பேசவில்லை. சனிக்கிழமை மாலை எல்லோரையும் போலக் கிளம்பினார், திங்கட்கிழமை காலை எல்லோரையும் போல வந்தார். கறையக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக உட்கார்ந்து செய்கிற வேலை. கால் வலிக்கவில்லை, முதுகு வலித்தது. ஜன்னலோரத்தில் கவுண்டர் பெண் தப்பும் தவறுமாக நீராவி விட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் இன்னமும் இவளைத்தான் கறையக்கா என்று கூப்பிட்டார்கள். அதை யாரும் மாற்ற நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பகலில் பிரஸ்காரர் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். கழுத்துப்பட்டையில் அவள் குத்தியிருந்த சீட்டைக் காட்டினார்.

"இங்க குத்தினா பிரஸ்ல அச்சு விழும். உள் ஓரத்துல குத்து."

அவள் ஊசியை உருவி, சட்டையைத் திருப்பி, உள் ஓரத்தில் குத்தினாள். அவர் வாங்கிப் பார்த்தார்.

"ம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.