பஞ்சம் என்று நினைத்த உடம்பு

கல்யாணமான இரண்டாம் வருடம் எனக்கு மாதவிடாய் நின்றுபோனது. பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்று நினைத்தோம்.

மாமியாரிடம் நானேதான் சொன்னேன். அவளை அத்தை என்று கூப்பிடுவேன். சொன்ன கொஞ்ச நேரத்தில் சாத்தான்குளத்தில் இருக்கும் என் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் அம்மா ஒரு பை நிறைய மாங்காயும் முறுக்கும் கொண்டுவந்து தூத்துக்குடி வீட்டு வாசலில் நின்றாள். என் கணவர் மெடிக்கலில் வாங்கி வந்த பரிசோதனை அட்டையோடு நான் குளியலறைக்குள் போனேன்.

ஒரு கோடுதான் விழுந்தது. அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது கோடு வரவேயில்லை.

"என்னளா, என்ன காட்டுது?" அத்தை கதவைத் தட்டினாள்.

நான் கதவைத் திறக்கவில்லை. என் அழுகைச் சத்தமே பதிலாகிவிட்டது. அம்மா அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிட்டாள். மாங்காய்ப் பையை யாரும் தொடவில்லை.

கல்யாணத்தின்போது நான் நல்ல குண்டு. முதல் வருடம் பிள்ளை தங்கவில்லையே என்று நாங்கள் போய்ப் பார்த்த முதல் மருத்துவர், "கொஞ்சம் எடை குறைங்க, தானா சரியாகும்" என்றார். அந்தக் 'கொஞ்சம்' என் காதில் விழவில்லை. சோற்றை நிறுத்தினேன். விடிந்ததும் கடற்கரைச் சாலையில் ஓடினேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. சாயங்காலம் எல்லோரும் வடையும் டீயுமாக உட்கார்ந்தால் நான் வெந்நீர் குடிப்பேன். உடம்பு இளைக்க இளைக்கப் பாராட்டு வந்தது. "ஏளா, சினிமாக்காரி மாதிரி ஆயிட்டியே" என்று நாத்தனார் என் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

எனவே ஒற்றைக் கோடு விழுந்த பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: மிச்சமிருக்கும் கொழுப்புதான் பிள்ளையைத் தடுக்கிறது. இன்னும் குறைத்தேன். இன்னும் ஓடினேன். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தூத்துக்குடி வெயிலிலும் எனக்குக் குளிரெடுத்தது. மாதங்கள் போயின, ஒரு துளி ரத்தம் இல்லை. கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டோம். விரதம் என்று சொல்லி, சாப்பிட்டுக்கொண்டிருந்த கொஞ்சத்தையும் விட்டேன்.

நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. வளையல் தட்டை எடுத்துக்கொண்டு நான் முன்னால் போனபோது, ஒரு பெரியம்மா சிரித்தபடியே அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ பந்தியப் போய்ப் பாரு தாயி" என்றாள். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினேன். நான் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "வேற கல்யாணம் பண்ணிக்கிடுங்க" என்றேன். அவர் கையில் இருந்த ஹெல்மெட்டைச் சுவரில் எறிந்தார். பிறகு அதை எடுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த வாரம் ஓடும்போது சாலையோரத்தில் மயங்கி விழுந்தேன். ஒரு லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி, தண்ணீர் தெளித்து, என் கணவருக்குப் போன் செய்தார். அப்படித்தான் இரண்டாவதாக ஒரு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. ரத்தப் பரிசோதனைகளையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, முதல் மருத்துவர் கேட்காததைக் கேட்டார்.

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

"தைராய்டு, மத்ததெல்லாம் பாத்தாச்சு, கோளாறு இல்ல. கர்ப்பப்பையும் நல்லாத்தான் இருக்கு" என்றார். "கொழுப்புன்னா சும்மா சேர்ந்து கிடக்கிறதுன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. அது லெப்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. அது ரத்தத்துல போதுமான அளவு இருந்தாத்தான், உடம்புல இருப்பு இருக்குன்னு மூளைக்குத் தெரியும். நீங்க சாப்பாட்டையும் குறைச்சு, ஓடவும் செஞ்சதுல அது இறங்கிப் போச்சு. மூளை பஞ்சம்னு நினைச்சிடுச்சு. பஞ்ச காலத்துல பிள்ளை வேண்டாம்னு, முட்டை வளர்றதுக்கான உத்தரவை நிறுத்திடுச்சு. இது ஒண்ணுதான் காரணம்னு இல்ல, ஆனா பெரிய காரணம்."

"அந்த ஹார்மோன ஊசியாப் போட முடியாதா டாக்டர்?"

"அதெல்லாம் ஆராய்ச்சியில இருக்கு. உங்களுக்கு முதல்ல சோறு போடணும்."

எனக்கு நிம்மதி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பிள்ளைக்காகப் பட்டினி கிடந்தேன். அந்தப் பட்டினியே பிள்ளை வரும் வழியை அடைத்திருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சாப்பிடுவது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சோற்றைப் பிசைவேன், வாய்க்குக் கொண்டுபோகக் கை வராது. ஒவ்வொரு கவளமும் பழைய குண்டு உடம்பைத் திருப்பிக் கொண்டுவரும் என்று பயம். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது அத்தை என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"பிள்ளைக்காவத் திங்க வேண்டாம். நீ செத்துருவியோன்னு பயமா இருக்குளா. அதுக்காவத் தின்னு" என்றாள்.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை அன்று முழுதாகத் தின்றேன். தின்றுகொண்டே அழுதேன்.

ஓட்டத்தை விட்டேன். தாவணி வயதில் இருந்த கன்னம் மெல்லத் திரும்பியது. தெருவில் பார்த்தவர்கள் "மறுபடி சதை போட்டுட்டியே" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அன்றைய தட்டைக் காலி செய்ய வெகு நேரம் ஆனது. மாதவிடாயை மாதாமாதம் எதிர்பார்த்தேன், வரவில்லை. அவ்வளவுதான், உடம்பு என்னை மன்னிக்காது என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு மழை நாள், அலுவலகத்தில் கப்பல் தாமதம் என்று ஒரே கூச்சல். அடிவயிறு வலித்தது. கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். ரத்தம். சுவரில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்தி அழுதேன். கணவருக்குப் போன் போட்டு, "வந்துட்டு" என்றேன். "என்ன வந்துட்டு?" என்றார். பிறகு புரிந்துகொண்டு, அந்த மழையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

இதை எழுதும்போது மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. பிள்ளை இன்னும் இல்லை. வரலாம் என்கிறார் மருத்துவர், வரும் என்று சொல்வதில்லை. சில காலைகளில் பழைய பயம் தட்டின் முன்னால் வந்து உட்கார்கிறது. அப்போதும் சாப்பிடுகிறேன்.